குசினி உத்தியோகம்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தைப் பதுளைக்காரர் படிக்கும் விதமே தனி. கொழும்பில் இருப்பவர் காணி, வாகனம், மணமகள் என்று மேய்வார். எங்கள் கண் போய் நிற்பது ‘தங்கி வேலை செய்யப் பெண் தேவை’ என்கிற வரியில். சிறிய குடும்பம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், மலையகத்தவர் விரும்பத்தக்கது. வங்கி முகாமையாளருக்கோ அமைச்சின் செயலாளருக்கோ விளம்பரம் போடும்போது மலையகத்தவரை இப்படி யாரும் விரும்பி அழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருநூறு வருடம் இந்த மண்ணில் உழைத்ததற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே முன்னுரிமை குசினியில்தான். அப்படியிருக்க, இந்தத் துறையில் சேர்ந்து முன்னுக்கு வருவது எப்படி என்று ஊவாவின் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல யாராவது வேண்டாமா? கல்வி அமைச்சு சொல்லாது. நான் சொல்கிறேன்.

முதலில், தொழிலைக் குறைவாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் பட்லர்களுக்கென்று பயிற்சிக் கல்லூரியே நடக்கிறது. கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, கோட்டை எப்படி மடிப்பது, எசமானின் விமானப் பயணத்தை எப்படி ஒழுங்கு செய்வது என்று படித்து வெளியேறுகிறவருக்குப் பெரும் பணக்கார வீடுகளில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உண்டு, விடுமுறை உண்டு, படிப்படியாகப் பதவியும் உண்டு. கொழும்பிலும் அதே வேலைதான் நடக்கிறது. கூடவே சட்டி கழுவ வேண்டும், நாயைக் குளிப்பாட்ட வேண்டும், படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் புரட்டித் துடைக்க வேண்டும். ஒப்பந்தம் மட்டும் கிடையாது. கேட்டால் நோனாவின் மனம் நொந்துவிடும். “அவளை நாங்க வேலைக்காரியாவா வச்சிருக்கோம்? வீட்டுப் பிள்ளை மாதிரி.” பெற்ற பிள்ளை டியூசனுக்குப் புறப்படும்போது சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைப்பது இந்த வீட்டுப் பிள்ளை. பெற்ற பிள்ளைக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. இந்தப் பிள்ளைக்கு சிங்குக்கு அடியில், சவர்க்காரத் துண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் விளிம்பு பெயர்ந்த எனாமல் கோப்பை. அந்தக் கோப்பை தவறிப்போய் மேல்தட்டில் ஏறிவிட்டால் அன்றைக்கு வீடு படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

ஆட்சேர்ப்புக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, தரகர் இருக்கிறார். பசறை, லுணுகலை, நமுனுகுல, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்தில் நுண்கடன் கம்பனிக்காரன் வந்து கத்திவிட்டுப் போனான், எந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதாமல் நின்றுவிட்டது என்பதெல்லாம் கிராம சேவகரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி அட்வான்ஸைச் சம்பளத்தில் கழிக்கத் தொடங்கும் மாதம் பார்த்துத்தான் லயத்துப் பக்கம் வருவார். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதற்குத் தலைவர்மார் மாலை போட்டுக்கொண்டார்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. அரைப் பேர் விழும் வீட்டில் தரகரின் பேச்சு எடுபடும். “நல்ல இடம் அக்கா. நம்ம ஆளுங்கதான். பிள்ளையப் படிக்கக்கூட வைப்பாங்க.”

பிள்ளை பதுளை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பில் ஏறுகிறது. மலைநாட்டுத் தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்க வெள்ளைக்காரன் போட்ட பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. நூறு வருடமாக அது எங்களிடமிருந்து எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறது. தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தில் உல்லாசப் பயணிகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். உள்ளே மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிறவள் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

கொழும்பில் புதிதாகக் கட்டுகிற மாடிவீடுகளின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? படுக்கையறை மூன்று, கடல் பார்த்த பல்கனி ஒன்று, குசினிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அதற்கு ‘மெய்ட்ஸ் ரூம்’ என்று பெயர். பாய் விரித்தால் நாலு பக்கமும் சுவர் தொடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் குடும்பத்தோடு கிடந்தவளுக்குத் தனி அறை கிடைத்துவிட்டது. இதுதான் முதல் பதவி உயர்வு. இரண்டாவது எப்போது என்று கேட்கக்கூடாது.

இனிச் சட்டம். இந்த நாட்டில் வீட்டு வேலையாளரைத் தேடிப் பிடித்துப் பெயர் சொல்லி அழைத்த சட்டம் ஒன்று உண்டு. அது 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலையாளர் பதிவுக் கட்டளைச் சட்டம். சமையற்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், வீட்டுக் கூலி, தோட்டக் கூலி என்று ஒருவரையும் விடாமல் எழுதி வைத்தார்கள். சம்பளத்தை நிர்ணயிக்க அல்ல. ஆளைப் பதிவேட்டில் ஏற்றி, கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்து, இவன் எப்படிப்பட்டவன், நம்பி வீட்டுக்குள் விடலாமா என்று அடுத்த எசமான் புரட்டிப் பார்ப்பதற்காக. கண்டிச் சீமையில் கோப்பி விளைந்த காலத்துச் சட்டம் அது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, சுதந்திரம் வந்தது, குடியரசும் வந்தது. சட்டம் மட்டும் புத்தகத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிறகு வந்த சட்டங்கள் எல்லாம் மறந்துபோனதால் எங்களை விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன் என்றால் நான்தான் மடையன். மிகவும் ஞாபகமாகவே விட்டிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீட்டு வேலையாளையும், தனியார் வீட்டில் கார் ஓட்டுகிறவரையும் தனியாகக் குறிப்பிட்டு வெளியே தள்ளுகிறது. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் கொண்டுவந்தார்கள். 10,000 ரூபாவில் தொடங்கிய அந்தத் தொகை 2025இல் 27,000 ஆனது. அந்தச் சட்டத்திலும் வீட்டு வேலையாளர் நீங்கலாகத்தான். அந்த வரியைச் சட்டவரைஞர் தூக்கக் கலக்கத்தில் எழுதவில்லை. கையுயர்த்திய மாண்புமிகுக்கள் அன்று காலை குடித்துவிட்டு வந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தவள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். வலதுசாரி, இடதுசாரி, சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லாவற்றிலும் பிளந்து கிடக்கும் சபை இது. சொந்தக் குசினியில் கைவைக்கிற விஷயம் வந்தால் மட்டும் அப்படியொரு தேசிய ஐக்கியம்.

வெள்ளைத் துரையின் பங்களாவில் அப்புவாக இருந்தவரின் கதையைக் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரை உதைத்திருக்கிறான், ஏசியிருக்கிறான், நள்ளிரவில் சோடா கொண்டுவரச் சொல்லி எழுப்பியிருக்கிறான். ஆனாலும் அப்புவின் பேர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், விழுந்தது. சுரண்டலில் பேர் போன துரைகூட அப்புவைக் கணக்கில் வைத்திருந்தான். சமத்துவம் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை படிக்கிற எங்கள் கொழும்புப் பேராசிரியரின் வீட்டில் அதுகூடக் கிடையாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தமிழ் வீடுகளும் இதில் சேர்த்திதான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் ‘தோட்டக்காட்டுப் பொடியன்’ விறகு கொத்திய காலத்தை யாரும் மறந்துவிடவில்லை. தமிழர் உரிமை பேசிய வாயால்தான் அவனை அப்படிக் கூப்பிட்டார்கள்.

அதே பதுளைப் பெண் கொழும்பைத் தாண்டி விமானம் ஏறிவிட்டால் நடக்கிற அதிசயத்தைப் பாருங்கள். 1985இல் அவளுக்கென்று ஒரு பணியகம் அமைத்தது அரசு. பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, காப்புறுதி உண்டு. சவூதி நோனாவின் சலவை இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுக்க வகுப்பு நடக்கிறது. ‘ரட்ட விருவோ’, அதாவது தேசத்தின் வீரர்கள், என்று பட்டமும் உண்டு. கறிவேப்பிலை கிள்ளிப் போடுகிற கை ஒன்றுதான். டொலரில் சம்பளம் வந்தால் வீராங்கனை, ரூபாவில் வந்தால் சட்டத்துக்கு வெளியே நிற்பவள். 2024இல் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பணம் 6.5 பில்லியன் டொலருக்கும் மேல். அத்தனை வீரம்!

இந்த வீரத்துக்குள்ளும் ஒரு நாடகம். மூதூரிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் தலையை 2013 ஜனவரியில் சவூதி வெட்டியது. அந்த வருடமே அரசாங்கத்துக்குத் தாய்மையின் மீது பெரும் கரிசனை பொங்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். தகப்பன் எங்கே போனாலும் அறிக்கை தேவையில்லை. பிறகு 2022 வந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, கஜானாவில் டொலர் இல்லை. உடனே பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டினால் தாய் புறப்படலாம் என்றார்கள். பிள்ளைகளுக்குத் தாய் தேவைப்படும் வயது மூன்று வருடம் குறைந்தது மத்திய வங்கியின் கையிருப்பைப் பார்த்து.

இதே மாதிரி பெண்களை ஏற்றுமதி செய்கிற நாடுதான் பிலிப்பைன்ஸ். 2013இலேயே தன் நாட்டு வீடுகளுக்குள் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது, எழுத்து ஒப்பந்தமும் வார ஓய்வும் கட்டாயம் என்று. தமிழ்நாடு 2007இல் நலவாரியம் அமைத்தது. 2018இல் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி குறித்தது. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2011 ஜூன் 16ஆம் திகதி நிறைவேற்றிய, வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் சமவாயத்தை இலங்கை ஏற்புறுதி செய்யவில்லை. அந்தத் திகதியில் வருடாவருடம் வீட்டுப் பணியாளர் தினம் மட்டும் வரும். குளிரூட்டிய மண்டபத்தில் கூட்டம் நடக்கும். கூட்டத்துக்கு வந்தவர்களின் குழந்தைகளை அன்றைக்கு வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

2009 ஆகஸ்டில் மஸ்கெலியாவிலிருந்து வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்களைக் கொழும்பு பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் கால்வாயில் கண்டெடுத்தார்கள். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பிள்ளை ஒன்று தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் செத்துப்போனது. வயது 16. வேலைக்கு அனுப்பியது அதற்கும் முன்பே. வேலை செய்த வீடு முன்னாள் அமைச்சருடையது. பதினாறு வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று 2016இலும், பதினாறுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2021 தொடக்கத்திலும் விதித்த அதே நாட்டில்.

2023 மே மாதம் எங்கள் முறை. பதுளையிலிருந்து போனவள், மூன்று பிள்ளைகளின் தாய். வேலை செய்த வீட்டில் நகை காணவில்லை என்று முறைப்பாடு. வெலிக்கடைப் பொலிஸ் கொண்டுபோனது. காவலில் இருக்கும்போதே உயிர் போனது. நகை தொலைந்தால் முதலில் குசினிப் பக்கம் திரும்பிப் பார் என்று 1871இலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நூற்றைம்பது வருடப் பயிற்சி வீண்போகுமா? பொலிஸார் சிலரை இடைநிறுத்தினார்கள், அறிக்கைகள் வந்தன, தலைவர்மார் செத்த வீட்டுக்கு வந்து படமெடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் எங்கள் பக்கத்துப் பிள்ளை நிற்கிறது என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா அது என்று அடக்கிவிட்டார்கள். அடக்கியிருக்கக் கூடாது.

இப்போது கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி பாராளுமன்ற உறுப்பினர்கள் சொத்து, பொறுப்பு விபரம் கொடுக்கிறார்கள். வீடு, காணி, வாகனம், தங்கம், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் வருகிறது. தங்கம் எத்தனை பவுன் என்று எழுதத் தெரிந்த மனிதருக்கு அந்தப் படிவத்தில் இன்னும் அரைப் பக்கம் கொடுப்போம். உங்கள் குசினியில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், வயது என்ன, மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது லீவில் ஊருக்குப் போனார், அவருடைய அடையாள அட்டை யாருடைய அலுமாரியில் இருக்கிறது. அமைச்சர் ஐயாமார், தொழிற்சங்கத் தலைவர்மார், ஆணைக்குழுக்களின் கனவான்கள் எல்லோரும் நிரப்ப வேண்டும். எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை. குசினியில் கூப்பிட்டுக் கொடுங்கள், அவளே நிரப்பித் தருவாள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிவந்த பிள்ளையாக இருந்தால், பேனையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் ஐயாவுடையதுதான்.