பதினெட்டாவது ஆட்டம் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆணையர் அவர்கள், தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.), நியூயார்க்.

பொருள்: பருவத்தை 18 ஆட்டமாக நீட்டுவது – எளியேனின் யோசனை சமர்ப்பித்தல் தொடர்பாக.

ஐயா,

17 ஆட்டம் போதவில்லை, 18 இருந்தால் தேவலை என்று தாங்கள் பேசிவருவதைக் கேட்டுப் பூரித்துப்போனேன். காலைவிடக் கையே பந்தை அதிகம் தொடும் அமெரிக்க ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருப்பவர்கள் நீங்கள். உங்கள் கணக்கும் அப்படித்தானே இருக்கும்?

1978இல் ஓர் அணிக்குப் பருவத்தில் 14 ஆட்டம் என்பது 16 ஆனது. 2021இல் 16 என்பது 17 ஆனது. 17 ஒற்றைப்படை, ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 9 ஆட்டம், இன்னோர் அணிக்கு 8. இந்தக் கோணலை நிமிர்த்த 18 நல்ல மருந்து. 16கூட இரட்டைப்படைதானே என்று குதர்க்கம் பேசுபவர்கள் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பதிலுக்கு, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். நட்சத்திர வீரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்களே, அந்த ஆட்டம்தான். ஓட்டைச் சட்டியைக் கொடுத்துவிட்டுக் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் வியாபாரம் உங்களிடம் கற்க வேண்டும்.

வீரர்களுக்கும் லாபம்தானே என்கிறீர்கள். உண்மைதான். 2020இல் வீரர் சங்கத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தப்படி வருமானத்தில் சுமார் 48 விழுக்காடு அவர்களுக்கு. 32 அணிகளுக்கும் சேர்த்து 272 ஆட்டம் 288 ஆகும், காசு பெருகும், அவர்கள் பங்கும் பெருகும். காசில் 48 அவர்களுக்கு. கிழியும் முழங்கால் தசைநாரில் நூற்றுக்கு நூறும் அவர்களுக்கே. அதில் பாதியைக் கொடு என்று எந்த அணி உரிமையாளரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை. என்ன பெருந்தன்மை! அந்த ஒப்பந்தம் வேண்டும் என்று ஓட்டுப் போட்ட வீரர்கள் 1,019 பேர், வேண்டாம் என்றவர்கள் 959 பேர். அறுபது ஓட்டு. பஞ்சாயத்துத் தேர்தலாக இருந்தால் மறு எண்ணிக்கை கேட்டிருப்பார்கள்.

2024 கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. நெட்ஃபிளிக்ஸுக்கு இரண்டு ஆட்டம் விற்றாயிற்று. ஆகவே நான்கு அணிகள் ஞாயிறு ஆடி, சனி ஆடி, புதனும் ஆடின. 11 நாளில் மூன்று ஆட்டம். வீரர்களின் நலனே முதன்மை என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதிகள்தாம் ஞாபகம் வருகின்றன. போகட்டும்.

இனி என் யோசனை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் கடிகாரம் வைத்து எண்ணியது: மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 11 நிமிடம். மற்ற நேரமெல்லாம் வீரர்கள் வட்டமாகக் கூடித் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுப்பது, பயிற்சியாளர் அட்டையால் வாயை மறைத்துக்கொள்வது, விழுந்தவரை மூன்று கோணத்தில் மறுபடி விழவைப்பது, பீர், டிரக், மறுபடியும் பீர். 2021இல் நீங்கள் போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 11 ஆண்டுக்கு 11,000 கோடி டாலருக்கு மேல். அவ்வளவும் எதற்கு? விளம்பரம் ஓடும் நேரத்துக்கு. அந்த 11 நிமிடத்தில்தான் எலும்பு முறிகிறது, மூளை குலுங்குகிறது.

எனவே பதினெட்டாவது ஆட்டத்தில் அந்த 11 நிமிடத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். கிசுகிசுப்பும் பீரும் அப்படியே இருக்கட்டும். வருமானத்தில் ஒரு டாலர் குறையாது. இது வெற்றி பெற்றால் 19, 20 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆண்டுக்கு 52 வாரம் இருக்கிறது.

ஆடாமல் எப்படிப் பருவத்தை முடிப்பது என்று தயங்க வேண்டாம். முன்னுதாரணம் உங்கள் ஏட்டிலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் எதிரணி வீரரை மறித்து வீழ்த்தினார், எழுந்தார், ஓரடி வைத்தார், மல்லாக்கச் சாய்ந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். இரு அணியினரும் மண்டியிட்டு அழுதார்கள். அவர் பிழைத்தார், பிறகு மீண்டும் ஆடவும் வந்தார். அந்த ஆட்டம் மட்டும் கடைசிவரை நடக்கவில்லை.

அந்தப் பருவத்தில் நடந்து முடிந்தவை 272 அல்ல, 271. கோப்பையைக் கன்சாஸ் சிட்டி வாங்கிக்கொண்டு போனது.

இப்படிக்கு,
தங்கள் விளம்பரங்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு ரசிகன்