தலைப்பாகை கட்டிய ஆலோசகர்

மொனராகலையில் கொம்பியூட்டர் திருத்துகிறவனுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். ஒன்று, இடி விழுந்து ரவுட்டர் கருகும் பருவம். மற்றது, எறும்பு கீபோர்ட்டுக்குள் குடிபோகும் பருவம். இடைப்பட்ட நாட்களில், பாட்டு ஏற்றித் தரச்சொல்லி பென் ட்ரைவோடு வரும் பஸ் கண்டக்டர்மார்தான் என் கடை வாடகையைக் கட்டுகிறார்கள்.

ஊவாவில் எங்கள் தொழிலில் இருப்பவர்களில் ஐந்து பேர் ஒரு செட். பதுளையில் ஓர் அண்ணன், பண்டாரவளையில் டோனர் நிரப்புகிற ஒருவர், பசறையில் ஒரு தம்பி, பிபிலையில் ஒரு சிங்கள நண்பன், அப்புறம் நான். ஒருவருக்கு ஓடாததை மற்றவரிடம் கேட்போம். பீஸ் கிடையாது. அடுத்த முறை சந்திக்கும்போது ஒரு பிளேன்டீ, அதுவும் ஞாபகமிருந்தால்.

"அண்ணே, மூணு தரம் கத்திட்டு அப்படியே நிக்குது."

"ரேமைக் கழட்டி அழிறப்பரால தேச்சியா?"

"தேச்சேன்."

"பவர் சப்ளைக்குள்ள பல்லி கில்லி இருக்கா பாரு."

"இருக்குண்ணே." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருந்துச்சு."

ரேமின் தங்கமுலாம் பூசிய பல்லைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்க்கும் இந்த வைத்தியத்தை முதலில் செய்த புண்ணியவான் யார்? எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லை. ஊவாவில் இது புது விஷயமல்ல. இங்கே நூறு இருநூறு வருஷமாகச் சிக்கலை அவிழ்த்தவன் ஒருவன், பேர் வாங்கினவன் வேறொருவன். சரித்திர வாத்தியார்மார் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். ஆகவே ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்துவிட்டு நானே சொல்கிறேன்.

முதலில் கண்டிப் பிரதானி கெப்பெட்டிப்பொல திசாவை. 1817. ஊவாவில் கிளம்பிய கலகத்தை அடக்கிவிட்டு வாருங்கள் என்று பிரித்தானியர் அவருக்கு ஆட்களையும் துப்பாக்கிகளையும் கொடுத்து அனுப்பினார்கள். போன மனிதர் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். ஆனால் சேருமுன், கொடுத்த துப்பாக்கிகளை ஆளுநருக்கே திருப்பி அனுப்பிவைத்தாராம். கம்பனி லெப்டொப்பைத் துடைத்து, பையில் போட்டு, ஒப்படைத்துவிட்டு எதிர்க் கம்பனியில் சேர்வதற்குச் சமம் இது. எங்கள் தொழிலில் இன்றுவரை அப்படி ஓர் ஒப்படைப்பை நான் கண்டதில்லை. போகிறவன் சார்ஜரையாவது தூக்கிக்கொண்டுதான் போவான். அவ்வளவு ஒழுங்கான மனிதரை 1818 நவம்பரில் கண்டியில் வைத்துத் தலையை வெட்டினார்கள்.

அப்புறம் கோப்பி வந்தது, கோப்பியில் நோய் வந்தது, தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் வந்து தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடம் இன்று 'லிப்டன் சீட்' என்ற சுற்றுலாத் தலம். அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு உட்கார நேரமில்லாததால் அவர்கள் பேரில் 'சீட்' எதுவும் கிடையாது.

ஆட்கள் வந்த விதம்தான் எங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு டின் டிக்கெட் என்று ஒன்று புறப்பட்டது. சின்னத் தகர வில்லை. பிரதேசத்துக்கு ஓர் அடையாளம், தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால், தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர் வாய் திறக்காமலே ரயிலும் கப்பலும் மாறிச் சரியான தோட்டத்துக்கு வந்துசேர்வார். செலவு தோட்டத்துக் கணக்கில் விழும், பின்னால் சுற்றி வளைந்து ஆளின் தலையிலேயே விழும். ஐபி அட்ரஸ் என்றால் என்னவென்று பயிற்சிக்கு வரும் பையன்கள் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்வேன். உடனே விளங்கிவிடும், அவர்கள் பாட்டன்மார் கழுத்தில் கிடந்ததுதானே. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுவேன்: வழியில் தொலைந்த டேட்டாவைக் கணினி மறுபடி அனுப்பும். வழியில் தொலைந்த ஆளை யாரும் மறுபடி அனுப்பவில்லை.

வந்து சேர்ந்தபின் துண்டு. இந்த ஆளுக்குக் கடன் இவ்வளவு, கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு. அது கையில் இல்லாவிட்டால் அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. சம்பளக் கணக்கு மென்பொருளை விற்றுவிட்டு, வேறு கம்பனிக்கு மாறப் போகிறோம் என்று சொன்னதும், "பாக்கியைக் கட்டினால்தான் உங்கள் டேட்டா" என்று கையை விரிக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பெரிய வியாபாரத் தந்திரமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பெரிய கங்காணிமார் டை கட்டாமலே செய்த வேலை. 1921இல் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மென்பொருள்காரருக்கு இன்னும் சட்டம் வரவில்லை.

இனி ரயில். பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில் பதுளைக்கு வர 1924 ஆனது. இடையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆடு மேய்ந்துகொண்டே போயிருந்தாலும் முந்தியிருக்கும். நடுவில் உலகப் போர் வந்து, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் பாலம் கட்ட இரும்பு கிடைக்கவில்லை என்றும், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் போதும் என்று உள்ளூர் ஆள் ஒருவர் எழுந்து நின்றார் என்றும் ஒரு கதை. ஒன்பது வளைவோடு அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. ஸ்பெயார் பார்ட்ஸ் கொழும்பில் இல்லையா, இருப்பதை வைத்துச் சமாளி என்ற எங்கள் தொழில் தர்மத்துக்கு அதைவிடப் பெரிய கோயில் கிடையாது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு இது விளங்காது.

தெமோதரையில்தான் உண்மையான சிக்கல். மலைப்பாதையில் ரயில் நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம், இறங்கலாம். அதற்கு மேல் செங்குத்தானால் ஆகாது. தெமோதரையிலிருந்து அடுத்த மலைக்கோ பள்ளம் அதிகம், தூரம் குறைவு. பிளானை விரித்து வைத்துக்கொண்டு எஞ்ஜினியர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மறுபடி தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாராம். வெயிலுக்காக. அவ்வளவுதான். எஞ்ஜினியருக்கு வெளிச்சம் போட்டுவிட்டது: ரயிலையும் இப்படியே மலையைச் சுற்றி ஒரு சுற்று இறக்கினால் என்ன?

இன்று ரயில் தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு வட்டம் அடித்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் நுழைந்து பதுளைக்குப் போகிறது. தலைப்பாகைக் கதை நடந்ததோ இல்லையோ, சுரங்கம் நடந்தது. எஞ்ஜினியர் வெள்ளைக்காரர் என்று சிலர், இல்லை, நம் நாட்டு விமலசுரேந்திர என்று சிலர். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கங்காணியின் பேரைப் பற்றி மட்டும் சண்டையே இல்லை, ஏனென்றால் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆலோசனைக் கட்டணம்? ஒரு பிளேன்டீயாவது வாங்கிக் கொடுத்தார்களா என்பது சந்தேகம்.

கொம்பியூட்டர் என்ற சாமானே டீக்கடைக்காரன் கையால் வியாபாரத்துக்குள் வந்தது என்று சொன்னால் பசறைத் தம்பி நம்பமாட்டான். லண்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பனி. ஊரெல்லாம் தேநீர்க் கடை. பில்லும் சம்பளமும் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாருக்கு 3000 பவுண் கொடுத்து, நீங்கள் கட்டுகிற இயந்திரத்தின் வித்தையை எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். பிறந்தது லியோ. 1951 நவம்பரில் அது வழக்கமாகப் போடத் தொடங்கிய முதல் கணக்கு விண்வெளிக் கணக்கல்ல, பேக்கரிக் கணக்கு. பாணும் கேக்கும். ஆயிரக்கணக்கான வால்வு, ஞாபகசக்திக்குப் பாதரசக் குழாய். கிளாக்கர் எட்டு நிமிஷம் எடுத்துப் போட்ட ஒரு ஆளின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை செக்கனில் போட்டதாம்.

அதே காலத்தில் ஊவாத் தோட்டங்களில் கிளாக்கரையா சம்பள நாளுக்கு முந்தின இரவுகளில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த லண்டன் கோப்பைகளில் எங்கள் கொழுந்தின் சாயமும் இறங்கியிருக்காமல் போகாது. சாயம் அங்கே போனது, லியோ இங்கே வரவில்லை.

லயன்ஸ் கம்பனி செய்த இன்னொரு கெட்டித்தனம்: ஒவ்வொரு கடைப் பொறுப்பாளரும் தினமும் முழு ஓடரையும் சொல்லத் தேவையில்லை. வழக்கமான பட்டியல் இயந்திரத்தில் இருக்கும். மாற்றத்தை மட்டும் போனில் சொன்னால் போதும். இதை மேல்நாட்டுக்காரர் பெரிய புதுமை என்று எழுதுகிறார்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும் எங்கள் பெரட்டுக் களத்தில் விடியற்காலை கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொன்னது வேறென்ன? "எல்லாம் நேத்து மாதிரிதாங்கையா, மூணு பேருக்குக் காச்சல்."

தோட்டக் கணக்கு உலகத்துக்குக் கொடுத்த தனிக் கொடை ஒன்றுண்டு: அரைப் பேர். விதித்த றாத்தலுக்குக் கொழுந்து குறைந்தால், பகலெல்லாம் மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். கணினிக்கு ஒன்றும் பூஜ்ஜியமும்தான் தெரியும். மனுஷியைப் பாதி வந்தவளாக்கும் வித்தை துரைமாருக்குத்தான் தெரிந்திருந்தது.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒரே இரவில் தோட்டத்துத் தமிழரின் இலட்சக்கணக்கான யூசர் எக்கவுன்ட் செல்லாது என்றானது, பாஸ்வேர்ட் மறந்தது யாரென்று தெரியாமலே. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். அந்தப் 'பிறகு' பத்து வருஷம். 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டன. அரைப் பேர் போடும் பழக்கம் மேலிடத்துக்கும் தொற்றியிருந்தது. ஒரு முறைப்பாட்டை ஒரு வாரம் பென்டிங்கில் வைத்தால் வாடிக்கையாளர் என் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார்.

தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்துக்கு மாறின, 1992இல் கம்பனிகள் கைக்கு மாறின. சேர்வர் மாறியது. லயத்துக் கூரை ஒழுகுகிற பழைய கோளாறு மட்டும் பத்திரமாகக் கொப்பியாகி வந்தது.

போன வருஷம் ஒரு தோட்டத்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. சம்பளத் தாளை எக்செல்லில் போட்டிருக்கிறார்கள், மொத்தம் கோடிகளில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். நாட்சம்பளம் அப்போது 1350 ரூபாய். ஆனால் சில பெண்களுக்கு ஆளுக்கு ஆறு கோடி ரூபாய்க்கு மேல். வைரஸ் என்று முடிவுகட்டி ஸ்கேன் போட்டேன். இல்லை. பதுளை அண்ணனைக் கேட்டேன். விண்டோஸை மாற்று என்றார். பண்டாரவளைக்காரர் எதற்கும் ரேமைத் தேய்க்கச் சொன்னார். பிபிலை நண்பன், "மச்சங், அது தப்பில்லை, நிலுவை" என்று சிரித்தான். இரண்டு மணித்தியாலம் போனது.

சேமலாப நிதிப் படிவத்துக்காக வாங்கில் காத்திருந்த ஒரு வயதானவர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையாம், எழுந்து வந்து என் தோளுக்குமேலால் எட்டிப் பார்த்தார்.

"பேர் நிக்க வேண்டிய எடத்துல திகதி நிக்குதே தம்பி."

பார்த்தேன். அரைப் பேருக்கு ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று அடித்திருக்கிறார்கள். எக்செல் அதைத் திகதி என்று எடுத்துக்கொண்டது. எக்செல்லுக்குத் திகதி என்றால் 1900 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து எண்ணிவந்த நாட்களின் தொகை, நாற்பத்தையாயிரத்துக்கு மேல். அந்தப் பெண்கள் 1900இலிருந்து ஒரு நாளும் லீவு எடுக்காமல் கொழுந்து பறித்ததாகக் கணக்கு நின்றது. நான் கொஞ்ச நேரம் அந்தத் தாளை அழிக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் புள்ளி ஐந்து என்று மாற்றினேன். கோடிகள் மறைந்து, ஒவ்வொருத்திக்கும் அரைநாள் கூலி அறுநூற்று எழுபத்தைந்து வந்து நின்றது. பெரியவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பில் எழுதினேன்: மென்பொருள் ஆலோசனை, 3500 ரூபாய். கீழே என் பேரைப் போட்டுக் கையெழுத்திடும்போதுதான் அவர் பேரைக் கேட்காமல் வந்தது ஞாபகம் வந்தது.