சர்க்கரை அட்டைக்காரன்

“சர்க்கரை எட்டிப் பார்க்குதுங்க” என்றார் மருத்துவர். எனக்கு அதிர்ச்சியே இல்லை. என் ரேஷன் அட்டையில் அரசாங்கம் இதை எப்போதோ பதிந்துவிட்டது.

கையில் நாலு காசு புரண்ட காலத்தில், ‘ரேஷன் அரிசி நமக்கெதுக்கு?’ என்ற வீறாப்பில் சர்க்கரை அட்டை வாங்கியவன் நான். அரிசி கிடையாது, பதிலுக்குக் கூடுதல் சர்க்கரை. 2011 ஜூனில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசமானதும் பாதி வீறாப்பு இறங்கியது. மெய்ப்புத் திருத்தும் வேலையில் சம்பளம் பாதியானதும் மீதியும் இறங்கியது. அட்டையை மாற்ற மட்டும் சோம்பல். ஆகவே, கிலோ 25 ரூபாய்ச் சர்க்கரை டப்பா டப்பாவாக வீட்டில். அதைத் தொடக் கூடாது என்ற உத்தரவு சட்டைப் பையில்.

உத்தரவோடு உணவுப் பட்டியல் ஒன்றும் தந்தார்கள். காலையில் ஓட்ஸ், ஆறு பாதாம். மதியம் குயினோவா, ப்ரோக்கோலி. இரவு சால்மன். எதைச் சமைத்தாலும் ஆலிவ் எண்ணெய்.

இரண்டு பேருக்கு மளிகை, காய்கறி எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் என்பது எங்கள் வீட்டு நிதிநிலை அறிக்கை. என் மனைவி பட்டியலை ஒருமுறை படித்தாள். “இது ஒரு வேளைச் சாப்பாடா, கல்யாணச் சீரா?” என்று கேட்டுவிட்டு என் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முப்பது வருடம் ஊரார் எழுதியதைத் திருத்தியவன் நான். இப்படியொரு திருத்தத்தைக் கண்டதில்லை.

பாதாமை அடித்துவிட்டு வேர்க்கடலை என்று எழுதினாள். பிறகு நான் எடுத்துப் பார்த்தேன்: 100 கிராம் பாதாமில் புரதம் சுமார் 21 கிராம், வேர்க்கடலையில் சுமார் 25. இத்தனை நாள் பாதாம் எந்தத் தைரியத்தில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. சால்மன் போய் மத்தி வந்தது. ப்ரோக்கோலி போய் முருங்கைக்கீரை. குயினோவாவுக்கு முதலில் வரகு என்று எழுதி, கடைக்குப் போய்வந்து அதையும் அடித்தாள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து வரகுக்கும் சாமைக்கும் பவிசு கூடிவிட்டது. பழகிய முகம்தானே என்று கிட்டே போனால் விலைச்சீட்டைக் காட்டுகின்றன. கேழ்வரகு ஒன்றுதான் இன்னும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுகிறது. ஆலிவ் எண்ணெய்க்கு எதிரே அடித்தல் கோடு மட்டும் இருந்தது. பதில் ஒன்றும் எழுதவில்லை.

காய் வாங்கும் பொறுப்பு என் தலையில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறந்தது எங்கள் மதுரை அண்ணாநகரில்தான். அங்கே பலகையில் எழுதியதுதான் விலை, பேரம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் விடியற்காலை ஆட்களுக்கு. உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் போனால் பலகை அப்படியே இருக்கும், கட்டு மட்டும் பெருக்கும். “மூணையும் அள்ளிட்டுப் போங்கண்ணே, இதைத் தூக்கிட்டுத் திரும்ப பஸ் ஏற முடியாது” என்பார் கீரைக்கார அம்மா. வெற்றி வீரனாக வீடு திரும்புவேன்.

பையைத் திறந்ததும் வெற்றி முடிந்துவிடும். மூன்று கட்டுக் கீரையையும் ஆய வேண்டுமே! முருங்கைக்கீரையை இரவில் துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்று மனைவி சொன்னாள். இலை உதிர்ந்தது, உண்மை. கூடவே ஈர்க்கும் உதிர்ந்தது. அதைப் பொறுக்க ஒரு மணி நேரம். கொள்ளு மலிவு, ஆனால் முந்தின இரவே ஊற வைக்க மறந்தால் குக்கர் கத்திக்கொண்டே இருக்கும், சிலிண்டர் கரையும். மத்தி மலிவு, செதில் உரசிக் கழுவி முடிப்பதற்குள் தெருப் பூனைகள் எல்லாம் ஆஜர். பாதாமைச் சாப்பிடுகிறவன் டப்பாவைத் திறந்தால் போதும். நான் மிச்சம் பிடிக்கும் ரூபாய் ஒவ்வொன்றுக்கும் என் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துண்டு போகிறது.

ஒருநாள் கீரைக் கூட்டில் ஒரு புழு. நல்ல வளர்த்தி. மனைவி அதைக் கரண்டியில் ஏந்தி என் கண்ணெதிரே நீட்டினாள். “ஒற்றுப்பிழை கண்ணில் படும், இது படலையா?”

மூன்று மாதத்தில் சர்க்கரை அளவு இறங்கியது. அதற்குள் மனைவி இன்னொரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். கீழ்வீட்டு அக்காவின் வாசலில் முருங்கை மரம். எங்கள் அலமாரியில் சர்க்கரை. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு கொத்துக் கீரை என்று இருவருக்குள்ளும் உடன்படிக்கை ஏற்பட்டது. வீட்டை விட்டுச் சர்க்கரை கிளம்பியதைப் பார்த்து எனக்குள் ஒரு நிம்மதி.

போன வெள்ளிக்கிழமை அந்த அக்கா மாடியேறி வந்தார். கையில் மூடி போட்ட கிண்ணம். நெய்வாசம் அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது.

“கேசரி கிண்டினேன் தம்பி. எல்லாம் உங்க வீட்டுச் சர்க்கரைதான்.”