ரோஷம், வீம்பு, திமிர்: ராஜபாளையம் நாயை முன்வைத்து ஓர் ஆய்வு

ராஜபாளையத்தில் ஒரு நாய் ஒருவரைக் கடித்தால் அந்நாய்க்குக் குறைந்தது மூன்று பெயர்கள் ஏற்படும். வளர்த்தவர் ‘ரோஷமான நாய்’ என்பார். எதிர்வீட்டுக்காரர் ‘கொழுப்பெடுத்த நாய்’ என்பார். கடிபட்டவர் பெரியாஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசையில் நின்றபடி ‘வெறிநாய்’ என்பார். கடி ஒன்று, பல் ஒன்று, காயத்தின் ஆழமும் ஒன்றே. பெயர் மட்டும் ஏன் மூன்றாகிறது? தமிழாய்வுலகம் தொடத் தயங்கிய இவ்வினாவை, தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு, இக்கட்டுரை தொடுகிறது.

முதலில் முன்னோர் மொழிந்தவை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் காட்டினார். வெகுளிக்கு அவர் சொல்லும் காரணங்கள்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். பெரிய மனிதர், பெரிய காரணங்கள். பந்தியில் பக்கத்து இலைக்கு இரண்டாவது அப்பளம் விழுந்து நம் இலையைத் தாண்டிப் போவதால் வரும் வெகுளியை இந்நான்கில் எதில் அடக்குவது என்று உரையாசிரியர்கள் விளக்கவில்லை. நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளில் கோத்துத் தந்தன. எதுகைக்குச் சொல் தேடும் புலவருக்கு அது பேருதவி. மைத்துனரிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் உறவு மிஞ்சும் என்று தேடுபவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. 1924 தொடங்கி 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் பொருள் சொல்லும். யார், யாரிடம், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார் என்பதைச் சொல்லாது. அந்தத் திண்ணைக்கு மிக அருகே வந்தவர் கரிசல்காட்டுக்காரரான கி. ராஜநாராயணன். 1982இல் வந்த அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி இத்துறையின் முன்னோடி நூல்.

ஆய்வுப் பொருளாக மனிதரை விட்டு நாயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தன்னைப் பற்றிச் சொல்லப்படும் எந்தப் பெயரடையையும் நாய் மறுப்பதில்லை. அதிலும் ராஜபாளையம் நாய் தனிச்சிறப்புடையது. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, ஒருவருக்கு மட்டும் கட்டுப்படும் இயல்பு. அஞ்சல்துறை 2005இல் நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. நாய்க்கும் தபால்காரருக்கும் உள்ள தொன்மைப் பகையை எண்ணினால் இது துறையின் பெருந்தன்மை. பயம் என்றும் சொல்லலாம். நாம் கேட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வெள்ளையோடு வெள்ளையே சேரவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் இவ்வினத்தில் பிறவிச் செவிடு அதிகம். உள்காது வேலை செய்வதற்கும் நிறமிச் செல்கள் தேவை. அயலார் கூப்பிட்டு இந்நாய் திரும்பாதபோது ‘எவன் கூப்ட்டாலும் திரும்பாது, அம்புட்டு ரோசம்’ என்று ஊர் மெச்சுகிறது. வளர்த்தவரே கூப்பிட்டும் திரும்பாதபோது ‘திமிரப் பாரு’ என்கிறார்கள். ரோஷத்துக்கும் திமிருக்கும் நடுவே இருப்பது ஒரு காதுதான். அதுவும் கேட்காத காது.

இனி மனிதருக்கு வருவோம். கல்யாணத்துக்குத் தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார்கள் என்று கொள்க. மாமா வரவில்லை. அத்தை இதை ‘அவருக்கு ரோசம் ஜாஸ்தி’ என்பார். பெண்ணின் அப்பா ‘மச்சானுக்கு வீம்பு’ என்பார். மாப்பிள்ளை வீட்டார், இன்னும் முகமே பாராதவர்கள், ‘திமிர் பிடிச்ச குடும்பமா இருக்கும்போல’ என்பார்கள். வராத மாமாவின் நாற்காலி மூவர் கண்ணுக்கும் ஒரே அளவு காலியாகத்தான் இருக்கிறது. மாமா மேலும் பத்தாண்டு அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்துவிட்டால் வீம்பு பதவி உயர்வு பெற்று ‘வைராக்கியம்’ ஆகும். காலம் எதையும் ஆற்றும் என்பவர்கள் இதைக் கவனிக்க.

திமிரின் சுற்றத்தார் பலர். நுட்பமான வேறுபாடுகளும் உண்டு. மண்டைக்கனம் பெரும்பாலும் படிப்பிலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் வருவது. மெதப்பு புதுப்பணத்தில் வருவது. பழைய பணக்காரருக்கு மெதப்பு இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெனாவெட்டு உடம்பில் தெரிய வேண்டும்: மடித்துக் கட்டிய கைலி, பைக்கின் மேல் சாய்ந்த இடுப்பு. ஆகவே அதைப் போன் வழியாக நிறுவ முடியாது. எகத்தாளமோ குரலில் இருப்பதால் போனிலும் செல்லும். கொழுப்பு ஒன்றே இக்குடும்பத்தில் செல்லப்பிள்ளை. பேரன் பல் முளைத்த கையோடு விரலைக் கடித்தால் ஆச்சி ‘கொழுப்பப் பாரு கழுதைக்கு’ என்று அள்ளிக் கொஞ்சுவார். நாயின் கடிக்கும் பேரனின் கடிக்கும் ஒரே சொல். இச்சொல் புழங்காத வீடு இல்லை. ராஜபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குத் திமிரைச் சொல்லத் தெலுங்கின் ‘பொகரு’ கூடுதல் கையிருப்பு.

ஆளுக்கேற்பப் பெயர் மாறும் இவ்வழக்கத்தையே தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசல் 1948இல் பி.பி.சி. வானொலியில் தொட்டார். தன் உறுதி, முன்னிருப்பவரின் பிடிவாதம், அங்கில்லாதவரின் முட்டாள்தனம் மூன்றும் ஒரே குணத்தின் பெயர்கள் என்று வேடிக்கையாக வாய்பாடு போட்டார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்றோடு அவர் நிறுத்திக்கொண்டது இங்கிலாந்தில் உறவுமுறைகள் குறைவு என்பதால். இங்கே மச்சான், சகலை, சம்பந்தி, பங்காளி ஆகிய ஒவ்வொருவருக்கும் வாய்பாட்டில் தனி வரி போடவேண்டும். பங்காளிக்கு இரண்டு: பாகப்பிரிவினைக்கு முன், பின்.

குணத்தையும் மனநிலையையும் பிரித்தறிவது அடுத்த சிக்கல். ஸ்பானிஷ்காரர்கள் இதற்கென்று செர், எஸ்தார் என்று இரண்டு வினைச்சொற்களே வைத்திருக்கிறார்கள். நமக்கு விகுதி போதும். ‘கோவமா இருக்காரு’ என்றால் மாலைக்குள் சரியாகும். ‘கோவக்காரரு’ என்றால் ஆகாது. முன்னதிலிருந்து பின்னதற்கு ஒருவரை மாற்ற ஊருக்கு அதிக சாட்சியம் தேவைப்படுவதில்லை. காலையில் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேர் அவரைச் சந்தித்தால் போதும். திரும்பக் கோவக்காரரிலிருந்து கோவமாக இருப்பவராக இறங்கிய வரலாறு இல்லை. ‘ஒரு மாதிரி’ என்ற சொல்லோ இரண்டுக்கும் பொது. ‘இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்காரு’ என்றால் காய்ச்சலோ கடனோ. ‘அவரு ஒரு மாதிரி’ என்றால் கேட்பவர் குரலைத் தாழ்த்தி இன்னும் கிட்டே நகர்ந்து உட்காருகிறார்.

மனநிலையின் அளவை அறிய, ராஜபாளையத்துக்குச் சுமார் 11 கி.மீ. வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இவ்வாய்வு ஒரு பரிசோதனைக் கருவியைக் கண்டடைந்தது. கணவன் மனைவி பிணக்குக்கு வள்ளுவர் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று நூலின் கடைசி மூன்று அதிகாரங்களை, முப்பது குறள்களை, ஒதுக்கினார். முற்றிய பிணக்குக்குத் துனி என்று பெயர். புலவி எங்கே முடிந்து துனி எங்கே தொடங்குகிறது என்பது நெடுநாள் ஐயம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அதைத் தீர்க்கிறது. கால் கிலோ வாங்கிப்போய்க் கொடுத்ததும் தீர்ந்தால் அது புலவி. ‘இப்ப எதுக்கு இது?’ என்ற கேள்வி எழுந்தால் துனி. பொட்டலம் பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போனால் அதற்கு இலக்கணத்தில் பெயரில்லை. மாமியார் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடுவது நலம்.

இச்சொல்லாராய்ச்சி முழு வீச்சில் நடக்கும் இடம் கல்யாண விசாரணை. பெண் வீட்டார் ஒருவர் பையனின் தெருமுனை டீக்கடைக்கு வந்து, தற்செயலாக வந்ததுபோல் ஒரு டீ சொல்லி, ‘அந்தப் பையன் எப்படிங்க அண்ணாச்சி?’ என்று கேட்பார். கடைக்காரர் ஒரு நொடியில் சொல் தேர்ந்தாக வேண்டும். பையன் வீட்டோடு கணக்கு வழக்கு உண்டு. பொய் சொன்னால் பாவமும் உண்டு. ‘அமைதியான பையன்’ என்றால் வாயைத் திறக்க மாட்டான். ‘கலகலப்பான பையன்’ என்றால் மூட மாட்டான். ‘கொஞ்சம் முன்கோவம், ஆனா மனசுல எதும் வச்சுக்க மாட்டான்’ என்பதில் முதல் பாதி தகவல், மறுபாதி நட்பு. ‘தங்கமான பையன்’ என்பதில் தகவலே இல்லை. விசாரிப்பவர் இன்னொரு டீ சொல்லிக் காத்திருக்கிறார். ‘அவங்கப்பா ரொம்ப நல்ல மனுசன்’ என்று பதில் வந்தால் அந்த டீயையும் பாதியில் வைத்துவிட்டு, காசைக் கொடுத்து, பஸ் ஏறிவிடுகிறார்.