அவசரத்துக்கு ஒரு பவர் பேங்க்

நம் வீடுகளில் பவர் பேங்க்குக்கு நகைக்குரிய மரியாதை. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, துணியில் சுற்றி, பீரோவில் பூட்டி, "அவசரத்துக்கு ஆகும்" என்று மறந்துவிடுவோம். அவசரமோ அடுத்த புயலுக்குத்தான் வரும். அதற்குள் உள்ளேயிருக்கும் லித்தியம் அயன் செல், 4.2 வோல்ட் முழுச் சுமையோடு, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் அக்னி நட்சத்திரத்தைக் கழித்து, திறனில் ஒரு பங்கை நிரந்தரமாகத் தொலைத்திருக்கும். அது கேட்பதெல்லாம் 40, 50 சதவீத சார்ஜும் கொஞ்சம் குளுமையும்தான். பாதி மட்டும் ஏற்றி வைக்க நமக்குத்தான் மனசு வருவதில்லை.

சுத்தமாகக் காலிசெய்து வைக்கும் கட்சியும் உண்டு. சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும், சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை எழுப்புவது கஷ்டம், எழுப்பாமல் விடுவதே உத்தமம்.

குளுமை என்றதும் ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பேட்டரி அடுக்கும் மாமாக்கள் தனி ரகம். வெளியே எடுத்ததும் அது வியர்க்கும். ஈரம் முனைகளை அரிக்கும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்காத அதே மாமா, பேட்டரி அட்டையில் தயாரித்த மாதத்தைத் தேடியதே இல்லை. "கரண்ட்டுக்கு ஏதுப்பா எக்ஸ்பைரி?"