நகராத வீட்டிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்:
மனை எண் 47-இல் குடியிருப்பவர்,
மொபைல் ஹோம் பார்க்,
தெற்குக் கலிஃபோர்னியா.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
எங்கள் காலடி மண்ணுக்குச் சொந்தக்கார முதலீட்டு நிறுவனம்.
(தபால் பெட்டி எண் தெரியும். ஆள் யாரென்று தெரியாது.)

பொருள்: குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் மாற்றுதல் – மாதக் கட்டணம் விதித்தல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் கதவுகளில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர், அல்லது லிமிடெட் லயபிலிட்டி கம்பெனியே,



பூமிக்கடியில் கிடக்கும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்றும், புதுக் குழாய் பதிக்கும் செலவுக்காக மனைக்கு மாதம் 100 டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாடகையோடு சேர்த்து வசூலிக்கப்படும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். படித்ததும் நெகிழ்ந்துபோனோம். அந்தக் குழாய்கள் செத்துப் பல வருடம் ஆகிறது. உரியவர் இப்போதுதான் வந்து இறப்பைப் பதிவு செய்திருக்கிறார். ஈமச் செலவு எங்களுடையது என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. அதைப் பற்றிப் பேசவே இந்தக் கடிதம்.

இது பகிரங்கக் கடிதம். நாலு பேர் படிப்பார்கள். நமக்குள் என்ன உறவு என்பதை அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு எங்களுடையது. அது நிற்கிற மண் உங்களுடையது. தொழிற்சாலையில் செய்து, சக்கரம் பூட்டி, சாலை வழியாக இழுத்து வந்த வீடு என்பதால் மொபைல் ஹோம் என்று பெயர். வந்து நின்ற அன்றே சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. அடியில் முட்டுக் கொடுத்து, சுற்றிலும் தகடு அடித்து, வாசலில் படியும் கட்டியாயிற்று. மறுபடி இழுத்துப் போவதென்றால் பல ஆயிரம் டாலர் ஆகும். மத்திய அரசின் கட்டுமான விதி நடப்புக்கு வந்த 1976 ஜூன் 15-க்கு முன் செய்த வீடாக இருந்துவிட்டால், பணம் கொடுத்தாலும் வேறு பார்க்கில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் இந்த வகை வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் தொழிலுக்கு வகுப்பெடுத்தே புகழ்பெற்ற ஃபிராங்க் ரோல்ஃப், பார்க் நடத்துவதை, வாடிக்கையாளர்களை இருக்கையோடு சங்கிலியால் கட்டிவைத்த உணவகம் நடத்துவதற்கு ஒப்பிட்டவர். ஒப்பீட்டில் ஒரு பிழை இருக்கிறது. உணவகத்தில் தண்ணீர் இலவசம்.

குழாய்க்கு வருவோம். எங்கள் கழிவுநீர்க் குழாய் ஆரஞ்ச்பர்க் ரகம். நியூயார்க் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயர் அது. மரக்கூழைத் தாரில் ஊறவைத்துச் செய்த குழாய். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது கைகொடுத்தது. போர் முடிந்து வீடுகள் பெருகியபோது, விலை மலிவு என்று எங்கும் புதைத்தார்கள். 1970களில் பிவிசி அதைச் சந்தையிலிருந்து துரத்தியது. எங்கள் பார்க்கிலோ அது இன்னமும் பணியில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் தோண்டியபோது வெளியே வந்த ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். உருண்டையாகப் பிறந்தது, மண் அழுத்தி அழுத்தி முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. உட்சுவர் முழுக்கக் கொப்புளம். நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரிகிறது. இணைப்பு வழியாக நுழைந்த மரத்தின் வேர், உள்ளே சடை விட்டு வளர்ந்திருக்கிறது. நீங்கள் தோட்டத்துக்குச் செலவே செய்வதில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

கழிவுநீர்க் குழாய்க்கு மோட்டார் கிடையாது. சரிவுதான் தள்ளிக்கொண்டு போகும். குழாய் நடுவில் தொய்ந்துவிட்டால் போக வேண்டியது போகாமல் தேங்கி, தாழ்வான வீட்டில் மேலே வரும். எங்கள் பார்க்கில் தாழ்வான மூலை 83-ஆம் எண். அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊரே துணி துவைத்தால் அவருடைய குளியல் தொட்டியில் நுரை ஏறும். புகார் கொடுத்தார். உங்கள் மேலாளர் உடனே நடவடிக்கை எடுத்தார். எல்லார் கதவிலும் ஒரு தாள் ஒட்டினார். ஈரத் துடைப்புத் தாள்களைக் கழிவறையில் போடுவதால்தான் அடைப்பு வருகிறதாம். ஒப்புக்கொள்கிறோம். அந்தக் குழாயில் போடக் கூடாதது எது என்று தெரிந்துவிட்டது. போடத் தக்கது எது என்றும் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால், அதற்கேற்ப நாங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம்.

குடிநீர்க் குழாய், நாகம் பூசிய இரும்பு. நாகம் எப்போதோ போய்விட்டது. இரும்பு வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கிறது. உடைந்த இடத்தில் ஒரு கிளாம்பு போட்டு முடுக்கிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பக்கத்தில் உடைந்தால் இன்னொரு கிளாம்பு. சில இடங்களில் குழாய் இருப்பதே கிளாம்புகளின் தயவில்தான். தெருவாரியாக மூடுவதற்கு வால்வுகள் உண்டு. திருகினால் தலை தனியாகக் கையோடு வருகிறது. ஆகவே எங்கே உடைந்தாலும் வாசல் வால்வை மூடி மொத்தப் பார்க்கையும் காயப்போடுகிறார்கள்.

குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கு வரைபடம் கேட்டோம். பார்க் கைமாறிக் கைமாறி வந்ததில் அது காணாமல் போய்விட்டதாம். உங்கள் மராமத்து ஆள் எல் வடிவில் வளைத்த இரண்டு கம்பிகளை முன்னால் நீட்டிக்கொண்டு, நீரோட்டம் பார்ப்பவர் போலத் தெருவில் நடந்தார். கம்பிகள் குறுக்கே சேர்ந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். கேபிள் டிவி அறுந்தது. கோடிக்கணக்கான டாலர் சொத்தை இந்தக் கம்பிகளின் துணையோடு நடத்துகிறீர்கள் என்பது உங்கள் முதலீட்டாளர்களுக்குத் தெரியுமா?

நிர்வாகத் திறமை என்றால் உங்களுடையதைத்தான் சொல்ல வேண்டும். பராமரிப்புக்காகவோ குழாய் மாற்றுவதற்காகவோ தண்ணீரை 2 மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதானால், 72 மணி நேரம் முன்னதாக வீடுவீடாக அறிவிப்பு ஒட்டச் சொல்கிறது கலிஃபோர்னியாவின் மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம். அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. திட்டம் போட்டு வேலை செய்கிற அப்பாவி முதலாளிகளுக்கு இது தலைவலி. நீங்கள் எதையும் திட்டமிடுவதில்லை. குழாய் தானாக வெடிக்கும்வரை பொறுத்திருக்கிறீர்கள். வெடித்தால் அவசர நிலை. அவசர நிலைக்கு அறிவிப்பு வேண்டாம். இந்த வழியில், பார்க்கை வாங்கிய நாள் முதல் ஒரு தடவைகூட நீங்கள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. தலை நிறைய சோப்பு நுரையோடு நின்ற வேளைகளில் இதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொரு விதியும் உண்டு. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கிடைமட்டத்தில் 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், குடிநீர் ஓரடியாவது மேலே போக வேண்டும் என்கிறது கலிஃபோர்னியாவில் புதிதாகப் பதிக்கும் குழாய்களுக்கான விதி. காரணம் எளிது. குடிநீர்க் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் விழுந்துவிட்டால் வெளியே இருப்பது உள்ளே வரும். எங்கள் பழைய குழாய்கள் இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒட்டி உறவாடுகின்றன. நீங்களோ அடிக்கடி அழுத்தத்தை இறக்கி, இரண்டும் கலந்து பேச வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். எங்களைவிட மோசமான இடமும் உண்டு. கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் ஒயாசிஸ் மொபைல் ஹோம் பார்க் என்று ஒன்று. அங்கே குடிநீரில் ஆர்செனிக் அனுமதித்த அளவைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு இருந்ததால், மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் அவசர ஆணை போட வேண்டியிருந்தது. நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் தண்ணீர் நகரக் குடிநீர் நிலையத்தில் சுத்தமாகி, சோதனை முடிந்து, வாசலில் உள்ள பெரிய மீட்டர் வரை குறையில்லாமல் வருகிறது. அதற்கு இந்தப் பக்கம்தான் உங்கள் கைவண்ணம்.

மீட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. குழாய் மாற்றக் காசில்லை என்று நீங்கள் வருந்திக்கொண்டிருந்த அதே காலத்தில் வீட்டுக்கு வீடு புது மீட்டர் வைத்தீர்கள். தண்ணீர்ச் சிக்கனத்துக்காம். ஓட்டைக் குழாயின் முனையில் பளபளவென்று ஒரு மீட்டர். அதுவரை வாடகையில் அடங்கியிருந்த தண்ணீருக்குத் தனிப் பில் வந்தது. வாடகை குறையவில்லை. வழியில் ஒழுகிப்போகும் தண்ணீரையும் ‘பொதுப் பயன்பாடு’ என்று பங்கு போட்டு எங்கள் பில்லில் சேர்த்தீர்கள். பொது என்பது சரிதான். உங்கள் குழாய் குடித்ததற்கு எல்லாரும்தான் பணம் கட்டுகிறோம்.

உங்களுக்கு நல்ல நேரம் ஒன்று வந்ததையும் சொல்ல வேண்டும். பார்க்குகளுக்குள் கிடக்கும் பழைய மின்கம்பிகளையும் எரிவாயுக் குழாய்களையும் எடுத்துவிட்டு, மின்சார, எரிவாயு நிறுவனங்களே வீடுவரை நேரடி இணைப்புக் கொடுக்கும் திட்டத்துக்குக் கலிஃபோர்னியப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2014-இல் அனுமதி கொடுத்தது. செலவு அந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் அனைவர் தலையிலும் பரவும். எங்களுக்கும் முறை வந்தது. தெரு நெடுகப் பள்ளம் வெட்டினார்கள். ஆரஞ்ச்பர்க் பல வருடங்களுக்குப் பிறகு சூரியனைப் பார்த்தது. பள்ளம் திறந்திருக்கும்போதே நம் குழாயையும் மாற்றிவிடலாமே என்று கேட்டோம். குடிநீரும் கழிவுநீரும் அந்தத் திட்டத்தில் கிடையாது என்றீர்கள். உண்மைதான், கிடையாது. உங்கள் திட்டத்திலாவது இருந்திருக்கலாம். பள்ளத்தை மூடி, தார் போட்டு, சமன் செய்துவிட்டு, இப்போது அதே தெருவை மறுபடி வெட்டும் கூலியையும் எங்கள் 100 டாலரில் சேர்த்திருக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 100 டாலர், 20 ஆண்டு. மனைக்கு 24,000 டாலர். இதைக் கட்டி முடித்த அன்று புதுக் குழாய் யாருடையது? உங்களுடையது. அதாவது, எங்கள் காசில் குழாய் வாங்கி உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, அது புதைந்திருக்கும் மண்ணுக்கு உங்களிடமே வாடகையும் கட்டுவோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதற்கு இவ்வளவு நீண்ட தவணைத் திட்டத்தை யாரும் கொடுத்ததில்லை.

இத்தனை நாள் நாங்கள் கொடுத்த வாடகையில் குழாய்ப் பராமரிப்பும் அடக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். வருமான வரித்துறையும் அப்படித்தான் நினைத்திருக்கும். மண்ணில் பதித்த குழாய், போட்ட சாலை போன்றவற்றின் மதிப்பை 15 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அமெரிக்க வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பார்க் கைமாறினால், வாங்கியவர் தாம் கொடுத்த விலையில் குழாய்க்கென்று ஒரு பங்கு ஒதுக்கி, முதல் வருடத்திலிருந்து மறுபடி தேய்க்கலாம். எங்கள் ஆரஞ்ச்பர்க் இப்படி ஒவ்வொரு விற்பனையிலும் மறுபிறவி எடுத்திருக்கிறது. தேய்ந்ததற்கு வரிச்சலுகை வாங்கியாயிற்று, பராமரிப்புக்கு வாடகை வாங்கியாயிற்று. மாற்றுவதற்கு மட்டும் கையில் காசில்லை.

இதற்கிடையில் பார்க் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தரகர் அச்சிட்ட வழவழப்பான ஏட்டை வரவழைத்துப் பார்த்தோம். ‘நன்கு பராமரிக்கப்பட்ட குடிநீர், கழிவுநீர் வசதி’ என்று படத்தோடு போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் எங்கள் 100 டாலர், வருமானக் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் தொழிலில் பார்க்கின் விலையை வருமானத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். வருடத்துக்கு 1,200 டாலர், வருமானம் விலையில் 6 சதவீதம் என்ற கணக்கில், மனைக்கு 20,000 டாலர் விலையேற்றம். ஒரு அடி குழாய்கூட இன்னும் பதிக்கவில்லை. பதிக்கப்போவது அடுத்து வாங்குகிறவர் என்றால், அவரும் இதே ஏட்டைத் தூசி தட்டி வைத்துக்கொள்வார்.

அந்த அடுத்தவர் நாங்களாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. 1984-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித்தில் 13 குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்கள் இருந்த பார்க்கையே வாங்கின. அந்த வழியைப் பின்பற்றி நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பார்க்குகள் குடியிருப்போர் கைக்கு வந்துவிட்டன. அங்கேயும் பழைய குழாய்தான், அங்கேயும் கடன் வாங்கித்தான் மாற்றுகிறார்கள், அங்கேயும் குடியிருப்பவர் தலையில்தான் செலவு. பணம் கட்டினவருக்குக் குழாய் சொந்தமாகிறது என்ற ஒரே ஒரு புதுமைதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் விலை சொல்லத் தயார். அதற்கு முன் உங்கள் கையெழுத்தோடு ஒரு தகவல் வேண்டும். வரித்துறைக்கு இந்தக் குழாய் தேய்ந்துகொண்டிருப்பது. எங்களுக்கு ஆயுள் முடிந்தது. வாங்க வருபவருக்கு நன்கு பராமரிக்கப்பட்டது. எது மெய்? ஆயுள் முடிந்தது மெய் என்றால், மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்கிறோம். நன்கு பராமரிக்கப்பட்டது மெய் என்றால் 100 டாலர் அறிவிப்பைக் கிழித்துவிட்டு, தகவல் தெரிவியுங்கள். மூன்றும் மெய் என்பீர்களானால் எங்களுக்கு எழுத வேண்டாம். நீதிபதியிடம் நேரில் சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனை எண் 47

நகல்:
1. வருமான வரித்துறை.
2. விற்பனைத் தரகர்.
3. பார்க்கை வாங்க வரும் எவரும்.
(மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை மூவரும் ஒரே தாளில் படித்துப் பார்ப்பதற்காக.)