பாதுகாப்புக் காரணி 1.5

கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதிநூல் காட்டும் கருணை பெரிது. பலம் காட்ட 28 நாள் அவகாசம். அதுவரை தண்ணீரில் ஊறிக் கிடந்தால் போதும். போதாததற்கு அதன் பலத்தை 1.5-ஆல் வகுத்து, வரும் சுமையை 1.5-ஆல் பெருக்குகிறோம். பகலெல்லாம் சைட்டில் ஸ்லாப் போட்டுவிட்டு இரவு ஒன்பதுக்கு ஆன்லைனில் எம்.டெக். ஸ்ட்ரக்சுரல் படிக்க உட்காரும் பொறியாளருக்கோ முதல் நாளே முழுச்சுமை. பதிவுசெய்த பாடம்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்பார்கள். அந்த ‘எப்போது வேண்டுமானாலும்’ ஞாயிறு இரவு பதினொன்றரைக்குத்தான் வாய்க்கிறது, அதுவும் இரட்டை வேகத்தில். லேப் இல்லாத படிப்பு என்ன படிப்பு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஷட்டரிங் பிரித்ததும் தூணடியில் பல்லிளிக்கும் ஹனிகோம்ப் ஓட்டைகளை எந்த லேப் காட்டும்? தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப ஏறினால் எஃகும் விரிசல் விடும் என்ற பாடம் இவருக்குப் புரிவதுபோல் ரெகுலர் மாணவருக்குப் புரியாது, அந்த வகுப்பில் பாதியிலேயே இவர் தூங்கிவிட்டாலும்.